சுவிட்சைப் பார்த்துச் சொல்

வாலாஜாபாத் ரோட்டில் ஒரகடம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு டிபன் டப்பா. வெயில் இறங்கிவிட்டிருந்தது. கார் ஏற்றிப்போகிற நீள லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டி, பிறகு விலகியது. ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டு, ஏறுகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். ஓர் இடத்தை விட்டுப் போகும்போது நான் நடந்துதான் போவேன். நடந்தால், திரும்பிப் போகலாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். இதுவரை எங்கும் திரும்பிப் போனதில்லை.

எதிர்ப்பக்கம் நிழலாக இருந்தது. ரோட்டைக் கடக்க நின்றேன். வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். கை தானாக நீளப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு கடந்தேன்.

அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை. அன்று நான் விட்டுவந்த அக்காவுடையது.

அவருக்குப் பெயர் உண்டு. நான் சொல்லப்போவதில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி, உயரம். தொப்பிக்குள் முடியை அடக்கிவைத்துப் பல வருஷம் வேலை பார்த்தவர்கள் போடுகிற மாதிரி இறுக்கிச் சுற்றிய கொண்டை. இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தது, ஓய்வில்லாமல் எதையாவது சுட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் அவரைப் பார்த்தது சுங்குவார்சத்திரத்தில். கேபிள் பதிக்கப் பள்ளம் வெட்டுகிற வேலைக்கு வந்திருந்தேன். பள்ளம் முடிந்தது, மேஸ்திரி அடுத்த பள்ளத்துக்குப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றார். வலது பக்கம் கையை நீட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். இடது பக்கம் நீட்டிச் சொன்னார். நேராக நீட்டிச் சொன்னார். அப்புறம்தான் காலை எடுத்துவைத்தார்.

"காலைலயே ஆரம்பிச்சிடுச்சு பாரு. ரோட்டுக்கு சாபம் வுடுது" என்றார் டீ மாஸ்டர்.

"ரோடு போட்ட கான்ட்ராக்டருக்கு வுட்டா புண்ணியமாப் போவும்" என்றார் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அதற்குள் அக்கா கடைக்குள் வந்துவிட்டார். காதில் விழுந்திருக்கிறது. "நான் சாபம் வுட்டா மொதல்ல உன் பால்தான் திரியும், ஜாக்கிரதை" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "இன்னா தம்பி, சும்மாதான் குந்திகினு கீறியா?"

"ஆமாக்கா."

"கண்ணு நல்லா தெரியுமா? அந்த லாட்ஜு போர்டுல இன்னா எழுதிகீது, படி."

படித்தேன். எட்டாவது பாதியோடு நின்றவன்தான், ஆனால் போர்டு படிப்பேன்.

"கண்ணு தெரியுது, வாய் பேசுது. போதும், கிளம்பு."

"என்ன வேலைக்கா?"

"ஆஃப்னு சொல்ற வேல."

உப்பளத்தில் இருந்திருக்கிறேன். செங்கல் சூளையில் இருந்திருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் இலை எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டதில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பின்னால் போனேன்.

வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே போனால் மனை பிரித்துக் கல் நட்ட இடம். கல் நட்டதோடு சரி, வீடுகள் நாலைந்துதான் வந்திருந்தன. அதில் கடைசி வீடு அக்காவுடைய வாடகை வீடு. பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. அங்கே ஒரு கனமான மேஜை, அதன் மேல் உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின்கள். சின்ன விமானம் விடுகிற ஆட்களுடையவை. ரிமோட்டில் பறக்கிற விமானங்கள், பொம்மை என்று சொன்னால் அந்த ஆட்களுக்குக் கோபம் வரும். அந்த எஞ்சின்களைப் பெட்ரோலில் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொடுப்பது அக்காவின் வேலை.

எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். இந்த எஞ்சின்கள் பிறக்கும்போதே பெட்ரோலுக்குப் பிறந்தவை இல்லை. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒன்றில் ஓடுகிறவை. உள்ளே தீப்பொறி கிடையாது. பிளக்குக்குள் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். வெளியிலிருந்து ஒரு கிளிப்பை மாட்டி அதைப் பழுக்கவைத்து ஸ்டார்ட் செய்துவிட்டால், கிளிப்பை எடுத்த பிறகும் ஓட்டத்திலேயே அது பழுத்தபடி இருக்கும். ஆனால் மெத்தனால் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. லைசன்ஸ் கேட்பார்கள், சாராயம் காய்ச்சுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். பெட்ரோலோ எந்த பங்க்கிலும் கிடைக்கிறது, கொஞ்சத்தில் நிறைய நேரம் ஓடுகிறது. ஆனால் பெட்ரோல் பழுத்த கம்பியை நம்பாது, அதற்குத் தீப்பொறி வேண்டும். ஆகவே அக்கா பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பார்க் பிளக் ஒன்றைப் போடுவார். காற்றாடிக்குப் பின்னால் சுற்றும் வளையத்தில் துளை போட்டு ஒரு காந்தப் பொட்டைப் புதைப்பார். காந்தம் தாண்டும்போது உணர்கிற சென்சார் ஒன்றை எஞ்சின் உடம்பில் பிடிப்பார். அங்கிருந்து வயர், ஒரு சின்ன டப்பா, ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச். பெட்ரோல் குறைவாகத்தான் போகவேண்டும் என்பதால் கார்புரேட்டரின் ஊசியையும் துளையையும் மாற்றுவார். பழைய சிலிக்கான் டியூபைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு டியூப் மாட்டுவார். பழையது பெட்ரோலில் ஊறினால் புழு மாதிரி வீங்கிவிடும்.

பெட்ரோலையும் அவர் அப்படியே ஊற்றமாட்டார். கழுவுவார். ஒரு பெரிய தெளிந்த கேனில் பெட்ரோலை ஊற்றி, தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி வைப்பார். பெட்ரோல் பங்க்கிலேயே கலந்து வருகிற ஸ்பிரிட் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடியிலிருக்கும் குழாயைத் திறந்து அதை வடித்துவிடுவார். "அது உள்ள இருந்தா ரப்பரத் தின்னுடும் தம்பி." பக்கத்து வீட்டில் குழாயடிக்கு வருகிற பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. "நாங்க துணி தொவைக்கறோம், பாத்திரம் தேய்க்கறோம், நீ பெட்ரோலக் கழுவுற. காய வைக்க கொடி எங்கக்கா கட்டப்போற?" என்பார்கள். "உன் புருசன் மூக்குல கட்றேன், அனுப்பு" என்பார் அக்கா.

என் வேலை இதுதான். எஞ்சினை மேஜையில் பூட்டி ஓட்டிப் பார்க்கும்போதும், விமானத்தில் மாட்டியபின் வாலைப் பிடித்துக்கொள்ளும்போதும், அக்கா காற்றாடியில் கைவைக்கும் முன் சுவிட்சை விரலால் சுட்டி "சுவிட்ச்?" என்று கேட்பார். நான் சுவிட்சைப் பார்க்கவேண்டும். விரலை நீட்டவேண்டும். "ஆஃப்" என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் அவர் கை போகும்.

பழைய எஞ்சினில் இதற்கு அவசியம் இல்லை. கிளிப் மாட்டாத வரை அது செத்த எஞ்சின். அதனால் விமானம் விடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டுக்குட்டியின் காதைத் தடவுகிற மாதிரி, காற்றாடியை விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். உள்ளே இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பெட்ரோலுக்கு மாற்றிய பிறகு அந்தக் கிளிப் இல்லை. சுவிட்ச் ஆனில் இருந்தால், மெல்லச் சுற்றினாலும் காந்தம் சென்சாரைத் தாண்டும், பொறி பறக்கும், எஞ்சின் ஒரு உதை உதைக்கும். எஞ்சின் தூங்குகிற மாதிரி கிடக்கும், சுவிட்ச் மட்டும் விழித்திருக்கும்.

கையை நீட்டிச் சத்தமாகச் சொல்கிற இந்தப் பழக்கம் அக்கா வேலை பார்த்த முதல் கம்பெனியில் வந்தது. ஜப்பான்காரர்கள் நடத்திய கம்பெனி. உள்ளே தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் எல்லோரும் வலம் இடம் சுட்டிக் கத்திவிட்டுத்தான் தாண்டவேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் மற்றவர்கள் அதை கேட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் காருக்கு வயர் கட்டு தயாரிக்கிற கம்பெனிக்கு மாறினார். அங்கே யாரும் கத்தச் சொல்லவில்லை, இவர் கத்தினார். அங்கிருந்தபோதுதான் சென்னையில் விமானம் விடுகிற ஒருவர், இந்த சென்சார் வயரை ஒழுங்காக முடிந்துதர ஆள் தேடி இவரிடம் வந்தாராம். வயரில் ஆரம்பித்து எஞ்சின் முழுவதும் வந்துசேர்ந்தது. முதலில் இரண்டு மூன்று எஞ்சின்களைச் சூடேற்றி இறுகிப்போகவைத்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

வீட்டைப் பூட்டும்போது காஸைச் சுட்டுவார். பூட்டைச் சுட்டுவார். ரேஷன் கடையில் தராசு முள்ளைச் சுட்டி "முள்ளு நடுவுல" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். முள் நடுவில் இல்லாவிட்டால் அதையும் சொல்வார்.

"ஏம்மா, என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று கடைக்காரர் ஒருநாள் எகிறினார்.

"முள்ளப் பத்தி சொன்னேன். நீ ஏன் துள்ற?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பின்னால் பை பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் "சுவிட்ச்?" என்று கேட்டார். நான் பேட்டரி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஆஃப்" என்றேன். ஆஃப்தான், நான்தான் சற்று முன் அணைத்தேன். அக்கா கையை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று வேலை இல்லை. சாயங்காலம் சோறு போடும்போதுதான் பேசினார்.

"ஆஃப்தான்க்கா, நான்தான் பண்ணேன்" என்றேன்.

"ஆஃபா ஆனான்னு நான் கேக்கல. பாத்தியான்னு கேட்டேன்."

விரல் போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். டீ மாஸ்டரிடம் எலி கடித்தது என்று சொல்லியிருந்தார். ரேஷன் கடைக்காரரிடம், "போன மாசம் எட குறையுதுன்னு உன் தராசுலதான் வெச்சேன், நீ திருப்பியே தரல" என்றார். என்னிடம் சொன்னது ஒரு மத்தியானம், கேனைக் குலுக்கிக்கொண்டே.

"இதே மேஜைதான். அவரு வாலப் புடிச்சிகினு இருந்தாரு. சுவிட்சுன்னு கேட்டேன். ஆஃப்னாரு. ஃபோனப் பாத்துகினே சொல்லிகீறாரு."

அவர் என்றால் கணவர். படப்பையில் அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார். ரோட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் நின்று பேசிக்கொள்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். சண்டைக்காரர்கள் மாதிரி தெரியாது.

"அதுக்காகவாக்கா பிரிஞ்சீங்க?"

"சே. ஒரு வெரலுக்காவ எவளாச்சும் புருசன வுடுவாளா?" கேனைக் கீழே வைத்தார். தண்ணீர் இறங்குவதைக் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரில கட்டு போட்டுகினு வூட்டுக்கு வந்தோம். படுக்கும்போது காஸ் ஆஃபான்னு கேட்டேன். படுத்துகினே ஆஃப்னாரு."

அடிக்குழாயைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வடித்தார். அந்த ராத்திரிக்குப் பிறகுதான், பதில் சொல்கிற ஆளும் விரலை நீட்டவேண்டும் என்ற சட்டத்தைப் போட்டிருக்கிறார். நீட்டவேண்டுமானால் பார்த்தே ஆகவேண்டுமே.

இந்த வேலையால் மட்டும் அவருக்குப் பிழைப்பு ஓடவில்லை. வயர் கம்பெனிக்கும் கான்ட்ராக்டில் மாறி மாறி ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கான்ட்ராக்ட் முடியப்போகிறது, இனிமேல் தொடர்ந்தால் நைட் ஷிஃப்ட் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி முழுக்க நின்றபடி வயர் முடிந்தால், பகலில் ஊசித்துளை பார்க்கக் கண் நிற்காது. ஆக, அதுவா இதுவா என்றாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி இவரைத் தேடி வந்தது. ஏரிகளையும் மனைகளையும் மேலிருந்து படம் எடுக்கிற விமானம் செய்கிறவர்கள். அலமாரி நிறைய மெத்தனால் எஞ்சின்கள் வைத்திருந்தார்கள். ஒன்றை மாற்றிக் காட்டுங்கள், பறந்து காட்டினால் எல்லாமே உங்களுக்கு, பிறகு வருகிற ரிப்பேரும் உங்களுக்கு என்றார்கள்.

அக்கா அந்த எஞ்சினோடு பட்ட பாட்டைப் பார்த்தேன். மெதுவான ஓட்டத்தில் அது இருமிக்கொண்டே இருந்தது. ஊசியை மயிரளவு திருப்புவார், ஓட்டுவார், அணைப்பார். முழுக்க ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வார். சூட்டில் ஸ்டார்ட் ஆவது பெரிசில்லை என்பார். நான் ஆஃப் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் ஒருநாள் அது இருமவில்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது. அக்கா கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஷிஃப்ட்டுக்கு டாட்டா தம்பி" என்றார்.

வாலாஜாபாத்துக்கு முன்னால் ஒரு ஏரி, கோடையில் காய்ந்து கிடக்கும். காலையில் அங்கே போனோம். கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். கூட விமானம் ஓட்டுகிற பையன், இருபத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். அக்கா கேட்டார், நான் விரல் நீட்டி ஆஃப் சொன்னேன், அக்கா காற்றாடியைச் சுற்றி உள்ளே பெட்ரோல் இழுக்கவைத்தார். பிறகு அவர் "ஆன்" என்றார், நான் "ஆன்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. மேனேஜர் எங்கள் சத்தத்தைக் கேட்டு அந்தப் பையனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

விமானம் நன்றாகப் பறந்தது. ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கொக்குகள் பயந்து எழுந்து, பிறகு பழகி உட்கார்ந்தன. மெத்தனாலில் இவ்வளவு நேரம் தாங்கவே தாங்காது என்று அந்தப் பையனே சொன்னான். இறக்கினான். ரிமோட்டிலேயே கார்புரேட்டரை மூடி எஞ்சினை நிறுத்தினான். மேனேஜர் கைதட்டினார்.

பையன் விமானத்திடம் ஓடினான். குனிந்தான். சந்தோஷத்தில் அவன் விரல் காற்றாடியின் மேல் போனது, அந்தப் பழைய பழக்கம்.

"சுவிட்ச்!" அக்கா போட்ட சத்தத்தில் கொக்குகள் மறுபடி எழுந்தன.

"ஆஃப்தான்க்கா" என்றான் அவன், நிமிராமலே.

அக்கா ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வெரலக் காட்டு."

"அக்கா, இன்னாக்கா…"

"காட்டு."

மேனேஜர் முன்னால் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "எவ்ளோ வருஷமா விடறேன்க்கா நான்."

காற்றாடியைத் தட்டி ஸ்டார்ட் செய்கிற, ரப்பர் சுற்றிய குச்சி என் கையில் இருந்தது, அக்கா அதை வாங்கினார். எங்களையெல்லாம் பின்னால் போகச் சொன்னார். தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட நின்று குச்சியால் காற்றாடியை மெல்லத் தள்ளினார். டப்பென்று ஒரு உதை. குச்சி பறந்துபோய் ஏரி மண்ணில் விழுந்தது. எஞ்சின் மறுபடி செத்த மாதிரி கிடந்தது. பையன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி சரி, நல்ல டெமோ" என்றார் மேனேஜர். "ஒரு சிவப்பு லைட் வெச்சிடுங்கம்மா. ஆன்ல இருந்தா எரியட்டும்."

"லைட்டு வெச்சுத்தான் சார் கீது. இந்த வெயில்ல தெரியுதா பாருங்க."

அவர் பார்த்தார். தெரியவில்லை. "எஞ்சின் ஏ ஒன். மீதி எல்லாத்தையும் அனுப்பிடறேன்."

"ஒண்ணு கேக்கறேன் சார். உங்க ஆளுங்க தனியா ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ரெண்டு பேரு இருக்கணும். ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் பாத்து, வெரலக் காட்டி சொல்லணும். நானே வந்து பழக்கிவுடறேன். காசு வாணாம்."

மேனேஜர் ஃபோனை எடுத்திருந்தார். கட்டைவிரலால் ஏதோ தட்டிக்கொண்டே, "ஓகேம்மா, ஓகே" என்றார்.

நான் மூச்சு விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை என்று தெரிந்தது.

"எதுக்கு சார் ஓகே?"

"ம்?"

"இப்போ ஓகேன்னீங்களே. இன்னாத்துக்குன்னு சொல்லுங்க."

மேனேஜர் நிமிர்ந்தார். பையனைப் பார்த்தார். "அதாம்மா… லைட் பெரிசா வெக்கறதுக்கு."

அக்கா விமானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்க்ரூ கழற்றுகிற சாவியை எடுத்தார். "சுவிட்ச்?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பையன் குனிந்து, சுவிட்சைத் தள்ளி, பார்த்து, விரலை நீட்டி, "ஆஃப்க்கா" என்றான்.

"இந்தப் புள்ள கத்துகினுச்சு" என்றார் அக்கா. எஞ்சினைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தான் போட்ட பிளக், சென்சார், டப்பா, பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய பழைய பிளக்கை எஞ்சினில் திரும்ப முடுக்கி மேனேஜரிடம் நீட்டினார். அவர் ஏதேதோ சொன்னார். கோபப்படவில்லை, புரியாமல்தான் பேசினார். இந்த மாதிரி ஆளை அவர் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நான்தான் ஆரம்பித்தேன். எனக்கும் அது சோறு. "தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்திருக்கலாமேக்கா. நாளைக்கு எவன் விரல் போனா நமக்கென்ன, அவன் பாத்துக்கணும்."

"எஞ்சினு நான் பண்ணது."

"நைட் ஷிஃப்ட்டுக்கா போவீங்க இனிமே?"

"போவேன்."

"ஓகேன்னுதானேக்கா சொன்னாரு."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "ஓகே சொல்ற ஆளு எனக்கு ஏற்கெனவே இருந்தாரு தம்பி" என்றார்.

அந்த வாரமே நைட் ஷிஃப்ட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டார். கொட்டகையில் வேலை இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதற்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்து ஆஃப் சொல்லிவிடும். ஆறு நாள் சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு வரவில்லை. அவரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மதியம் பையைக் கட்டினேன். ஷிஃப்ட்டுக்கு முன்னால் தூங்கப் போயிருந்தவர், எழுந்து வந்து வாசலில் நின்றார். என் பையைச் சுட்டினார்.

"டப்பா?"

பையைத் திறந்து பார்த்து விரலை நீட்டினேன். "இருக்கு."

"சட்டை?"

"இருக்கு."

"போற எடம்?"

எனக்கு விரல் நீட்ட ஒன்றும் இல்லை. சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சரி. ரோட்டப் பாத்து தாண்டு" என்றார்.

நடந்து ஒரகடத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. பஸ் நிழற்குடையில் தூங்கினேன். காலையில் டீக்கடையில் விசாரித்தபோது, பெரிய மெஷின்களை வைத்து அனுப்ப மரப்பெட்டி அடிக்கிற ஷெட்டில் ஆள் கேட்கிறார்கள் என்றார்கள். போனேன். அங்கிருந்த மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

ஷெட்டின் நடுவில் பலகை அறுக்கிற வட்ட ரம்பம். கரண்ட் போய் எல்லாம் நின்றிருந்தது. மேலே ஃபேனும் நின்றிருந்தது. கரண்ட் வருவதற்குள் ரம்பத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டிருக்கிற மரத்தூளைக் கையால் வாரிவிடு என்றார் மேஸ்திரி. பக்கத்தில் ஒடிசாக்காரர் ஒருவர் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். தமிழ் வராது போலிருந்தது. நான் குந்தி உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். நிறுத்தினேன்.

"சுவிட்ச்?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேலே ஃபேனைக் காட்டினார். கரண்டே இல்லையே என்று அர்த்தம். "ஆஃப், ஆஃப்" என்று சிரித்தார்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். அவரையும் நீட்டச் சொல்லி ஜாடை செய்தேன். மேஸ்திரி அங்கிருந்து, "இன்னாடா வெளையாட்டு அங்க?" என்று கத்தினார். ஒடிசாக்காரர் விளையாட்டுக்குத்தான் விரலை நீட்டித் தூண் பக்கம் திரும்பினார். கரண்ட் போனால் தானாக அணைந்துவிடுகிற ஸ்டார்ட்டர் எரிந்துபோய் அதற்குப் பதிலாக அங்கே வெறும் சுவிட்ச் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அவர் விரல் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றது. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது, சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

போய் அதை அணைத்தார். பார்த்தார். விரலை நீட்டினார். இந்த முறை சிரிக்காமல் சொன்னார்.

"ஆஃப்."

கையை உள்ளே விட்டேன். பாதித் தூளை வாரியிருப்பேன், பிடரியில் காற்று பட்டது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மீதித் தூளையும் வாரி வெளியே போட்டேன்.